இரும்புக் கட்டிலும் கிப்லாவும்

தரம் ஆறு பிள்ளைகளுக்குக் கடைசித் தவணைப் பரீட்சைக்கு முன்னால் ஒரு மீட்டல் செய்ய வேண்டும். பூமியின் சுழற்சி, விசை, காந்தம், அதோடு வகுப்பில் செய்து காட்டக்கூடிய நாலைந்து பரிசோதனைகள். வருடாவருடம் இதே கதைதான். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டால் பாதி வகுப்பு முந்நூற்று அறுபத்தைந்து நாள் என்று எழுதும். நானும் சிவப்புப் பேனையால் வெட்டுவேன். போன வருடம் வெட்டக்கூடக் கை வரவில்லை.

வாப்பா பாரிசவாதத்தில் விழுந்து என் வீட்டுக்கு வந்து ஆறு மாதமாகியிருந்தது. உம்மா அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டா. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைகள் கலியாணம் முடித்தால் பெண்சாதி வீட்டோடு போய்விடுவார்கள். என் தம்பிமார் இருவரும் அப்படித்தான் போனார்கள். வெள்ளிக்கிழமை வந்து வாப்பாவின் கையைப் பிடித்துக் கண்கலங்குவார்கள், சோறு தின்பார்கள், போய்விடுவார்கள். என் கணவர் கத்தாரில். விடிய எழும்பி வாப்பாவைத் துடைத்து, சாரம் மாற்றி, கஞ்சி பருக்கிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன். பகலில் பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்ப்பா. பின்னேரம் வந்தால் திரும்பவும் துடைப்பு, கஞ்சி, சாரம். அந்த நாள்களில் யாராவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே எரிச்சல் வந்தது.

வாப்பா நற்பிட்டிமுனைக் கண்டத்தில் வயல் செய்தவர். வரம்பில் துண்டை விரித்துத் தொழுதே பழகிய மனுசன். இப்போது தண்ணீர் குடிக்கவும் என் கை வேண்டும். அவராகச் செய்ய முடிந்தது தொழுகை ஒன்றுதான். முகம், கை, கால் கழுவி ஒழுச் செய்வித்து, வலப்பக்கமாகச் சரித்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டால் போதும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். வாய் கொஞ்சம் கோணினாலும் ஓதலில் ஒரு எழுத்தை விடமாட்டார். என்னிடம் அவர் கேட்டது ஒன்றேயொன்று, தொழும்போது முகம் மக்கா இருக்கும் திசையைப் பார்க்க வேண்டும்.

“கிப்லாவ மட்டும் சரியாப் பாத்துப் போடு மகள். மத்ததெல்லாம் எப்பிடியும் போகட்டும்.”

எங்கள் காணி கோணல், அதில் கட்டிய வீடும் கோணல். எந்தச் சுவரை நம்பியும் திசை சொல்ல முடியாது. முதலில் அவருக்கு மரக்கட்டில்தான் போட்டிருந்தோம். நிமிர்த்தி உட்கார வைக்கச் சிரமமாக இருந்ததால், நோயாளிகளுக்குப் பள்ளிவாசலில் இரவலாகக் கொடுக்கிற கட்டிலைத் தம்பிமார் கொண்டுவந்து இறக்கினார்கள். தலைமாட்டைச் சுழற்றி உயர்த்தலாம். முழுக்க இரும்பு. இறக்கி வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று இருவரும் கிளம்பிவிட்டார்கள். நான் போனில் கிப்லா காட்டுகிற செயலியைத் திறந்து, போனைத் தலைமாட்டுக் கம்பியில் வைத்து, அம்புக்குறி சொன்னபடி கட்டிலை அங்குலம் அங்குலமாக இழுத்துச் சரிசெய்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. அன்றைக்குக் குளிக்காமலே படுத்துவிட்டேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, மழை விட்டிருந்த ஒரு பின்னேரம், கஞ்சிக் கோப்பையோடு அறைக்குள் போனேன். ஜன்னலால் வந்த வெயில் வாப்பாவின் முகத்தில் அப்படியே விழுந்துகொண்டிருந்தது.

“மகள், மாரியில சூரியன் கிப்லாவுக்கு இடக்கைப் பக்கமாத்தான் சாயும். இப்ப என்ட மூஞ்சிக்கு நேரே விழுகுது. கட்டில் பிழையாக் கிடக்குப் போல.”

நான் கோப்பையை டக்கென்று வைத்தேன்.

“போன்ல பாத்துத்தான் வாப்பா போட்ட. மக்கா எங்க இரிக்கெண்டு போனுக்குத் தெரியும். விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்குத் தெரியாதா? இன்னும் எத்தின தரம் இந்தக் கட்டில இழுக்கச் சொல்றீங்க?”

“சரி மகள்,” என்றார். பிறகு அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை. அவர் சமாதானமாகிவிட்டார் என்று நானும் விட்டுவிட்டேன்.

மீட்டலுக்கு முந்திய சனிக்கிழமை பரிசோதனைகளை வீட்டில் செய்து பார்த்தேன். வகுப்பில் சரிவராமல் போனால் பிள்ளைகள் சிரிப்பார்கள், அதைத் தாங்கும் பொறுமை என்னிடம் இல்லை. தனியாகக் கிடக்கிறாரே என்று எல்லாவற்றையும் வாப்பாவின் அறைக்கே கொண்டுபோனேன். முதலில் டோர்ச்சும் தோடம்பழமும். பழத்தில் ஒரு ஈர்க்குக் குத்திச் சுழற்றி, இது பகல், இது இரவு என்று அவருக்கும் காட்டினேன். வாப்பா கவனமாகப் பார்த்தார்.

“பூமி கிறுகுதெண்டா மக்காவும் இடம் மாறுமே. அப்ப கிப்லா?”

“மக்காவும் நம்மளும் ஒரே பழத்துலதான் வாப்பா இரிக்கிறம். கிறுகினா ரெண்டும் சேந்துதான் கிறுகும். கிப்லா அப்பிடியேதான் இரிக்கும்.”

“ஓம், அப்பிடித்தான் வரணும்,” என்றார். கண் ஜன்னல் பக்கம் போனது. வகுப்பில் இருபது வருடமாக இப்படி ஒரு கேள்வியை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை என்பதில் எனக்குச் சின்னச் சந்தோசம்.

அடுத்தது ஊசி. பழைய வானொலிப் பெட்டியிலிருந்து கழற்றிய காந்தத்தால் தையல் ஊசியை ஒரே பக்கமாகப் பலமுறை தேய்த்து, சின்ன ரெஜிபோம் நுரைத் துண்டின் மேல் வைத்துப் பேசின் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். ஊசி மெல்லத் திரும்பி வடக்குத் தெற்காக நிற்கும். பேசினைக் கதிரையில் வைத்து, கதிரையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டேன். ஊசி திரும்பியது. திரும்பிக் கட்டிலின் தலைமாட்டுக் காலைப் பார்த்து நின்றது. தேய்த்தது போதவில்லை என்று நினைத்துத் திரும்பவும் தேய்த்தேன். திரும்பவும் அதே கால்.

சலிப்போடு பேசினைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குப் போய் நடுத்தரையில் வைத்தேன். அங்கே ஊசி வேறு பக்கம் பார்த்தது. மறுபடி அறைக்குள் கொண்டுவந்தேன். கட்டில் கால். மூன்றாம் முறை தூக்கியபோது மேசையில் கிடந்த மீட்டல் தாள் கண்ணில் பட்டது. நானே எழுதிய கேள்வி. திசையறி கருவியைப் பயன்படுத்தும்போது இரும்புப் பொருள்களை அருகில் வைக்கக் கூடாது, காரணம் தருக. இரண்டு புள்ளி.

போனை எடுத்துக் கட்டில் கம்பியில் வைத்தேன். அம்புக்குறி அன்றைக்குக் காட்டிய பக்கத்தையே காட்டியது. முற்றத்துக்குப் போய் வெறுங்கையில் பிடித்தேன். அது வேறு திசை. சின்ன வித்தியாசமில்லை, ஒரு கால்வட்டத்தில் பாதிக்குக் கிட்ட வரும். நான் தொழுகிற பாயும் ஹோலில் அந்தச் சரியான திசையில்தான் இத்தனை நாளும் கிடந்திருக்கிறது. இடையில் ஒரு சுவர்தான். ஒரு நாளாவது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கட்டில் வந்து ஏழு கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம். ஒரு நாளைக்கு ஐந்து நேரம். பெருக்கிப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்கவில்லை. வெட்கமாகவும் இருந்தது. பிள்ளைகளின் தாளில் எத்தனை வருடமாக இதே கேள்விக்குச் சரி போட்டிருப்பேன்.

அறைக்குள் போய், தலைமாட்டுப் பக்கம் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். இரும்புக் கால் சீமெந்துத் தரையில் கிறீச்சிட்டது. தள்ளலும் இழுவையும் விசைக்கு உதாரணங்கள் என்று தாளில் எழுதியிருந்தேன், உராய்வைப் பற்றியும் ஒரு பந்தி இருந்தது. கட்டில் அசைய மறுத்தது. நான் பிடித்து, விட்டு, மூச்சு வாங்கி, மீண்டும் பிடித்து, ஒருவழியாகத் தலைமாட்டைச் சுவரிலிருந்து விலக்கினேன். முற்றத்தில் பார்த்த திசைக்கு அது வந்ததும் தரையில் குந்திவிட்டேன். வாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் பிழையாப் போட்டுட்டன் வாப்பா. கட்டில் இரும்பு போனக் குழப்பியிரிக்கி. நீங்க சொன்னதுதான் சரி.”

“தெரியும் மகள். நான் தலய மட்டும் கொஞ்சம் மேலுக்கு நிமித்தி, சரியான பக்கம் பாத்துத்தான் தொழுதன். ஏலுமான மட்டும்.”

ஏழு கிழமையாக அந்தக் கழுத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்றும் தெரியவில்லை.

“தெரிஞ்சிருந்தா ஏன் வாப்பா இன்னொருக்காச் சொல்லல்ல? தொழுகை விசயமெல்லுவா? அல்லாஹ்வுக்குப் பயமில்லையா?”

வாப்பா இயங்கும் கையை நீட்டி என் தலையைத் தொட்டார்.

“அல்லாஹ் மன்னிப்பான் மகள். உன்னட்டத் திரும்பக் கேக்கத்தான் எனக்குப் பயமா இருந்திச்சு.”