கடலில் குளிக்கத் தைத்த உடுப்பு

என் பெண்சாதி கடலில் குளிப்பதற்கு உடுப்புத் தைக்கப்போவதாகச் சொன்ன அன்றே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி பெண் வீட்டில் குடியிருக்கக் கடலோரக் கல்முனைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான் சவளக்கடையில் வயலுக்குள் வளர்ந்தவன். எங்களுக்குக் குளிப்பு வாய்க்காலில். அந்தத் தண்ணீர் ஒரு பக்கமாகப் போகும், அவ்வளவுதான். கடல் வரும், போகும், திரும்பவும் வரும். அதன் சத்தம் கேட்டாலே நடையைத் திருப்பிவிடுவேன். புது மாப்பிள்ளை இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஸபர் மாதத்தின் கடைசிப் புதன்கிழமையை ஒடுக்கத்துப் புதன் என்போம். அன்று குடும்பம் குடும்பமாகக் கடலுக்குப் போய்க் குளிப்பார்கள். அந்த மாதத்துப் பீடைகள், பலாய் முசீபத்தெல்லாம் அந்தக் குளிப்போடு கழுவிப்போய்விடும் என்று நம்பினோம். பெண்சாதி பெரியபிள்ளையான பிறகு கடலுக்குப் போனதேயில்லை. இப்போது புருஷன் இருக்கிறான், போகலாம். ஆனால் சேலையோடு இறங்கினால் அலை சேலையைத் தூக்கும். நனைந்த சீலை உடம்போடு ஒட்டும். ஆகவே காற்சட்டையும் முழங்காலுக்குக் கீழே இறங்கும் சட்டையும் தைப்பதென்று முடிவானது. நீலப்பூப் போட்ட சீத்தைத் துணி வாங்கினோம். மிச்சத்தில் எனக்கொரு சேர்ட்டு, அவளுடைய உம்மா, என் மாமிக்கொரு சட்டை. மூன்று பேரும் ஒரே பூவில் தெருவால் போகப்போகிறோம் என்று நினைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

வீட்டில் கையால் சுற்றும் தையல்மெசின் இருந்தது. நான் சில்லைச் சுற்ற, அவள் துணியைத் தள்ளுவாள்.

"மெள்ளச் சுத்துங்க. களத்துல சூடு மிதிக்கிற மாடு மாதிரிச் சுத்துறீங்க" என்பாள்.

எனக்குச் சிரிப்பு வராது. ஊசி அவள் விரலில் ஏறிவிடுமோ என்று ஒரு பயம். தைத்து முடிந்தால் கடலுக்குப் போகவேண்டுமே என்று இன்னொரு பயம்.

மாமி பக்கத்திலிருந்து வெற்றிலை மென்றுகொண்டு சட்டம் சொல்வார். "காலடியில நாடா கோத்துக் கட்டு புள்ள. சீல மேல கிளம்பக்கூடா. கஞ்சியும் நல்லாப் போடு. உடம்புல ஒட்டவும் கூடா."

"கிளம்பக்கூடா, ஒட்டக்கூடா. நான் போறது கடலுக்கா உம்மா, கபுறுக்கா?"

"வாயக் கழுவு! என்ன பேச்சுக் கதைக்கிறாய்?" மாமி என் பக்கம் திரும்பினார். "மருமகன், நீங்க ஒண்டும் சொல்லல்லியே?"

"நீங்க சொன்னாச் சரிதான் மாமி" என்றேன். இறந்தவரை அடக்கும் கபுறு என்ற சொல் காதுக்குள்ளேயே நின்றது.

கஞ்சி போட்டுக் காயவைத்த அந்தக் காற்சட்டை தனியாக நிற்கும்போல் இருந்தது. இடுப்பில் ஒரு நாடா, இரண்டு கணுக்காலிலும் இரண்டு நாடா.

புதன்கிழமை காலையில் போனோம். பெண்கள் குளிக்கும் இடம் வேறு. கூடப்போன ஆண்கள் தென்னைகளுக்கு இப்பால், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அவளும் மாமியும் தண்ணீரில் இறங்க, நானும் மாற்றுடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படி நின்றேன். எதைக் கண்டு பயந்தேனோ அதைப் பார்க்கவும் முடியாது. காதால்தான் பார்த்தேன். ஒவ்வொரு அலையும் விழும்போது பெண்கள் கூவுவார்கள். அதற்குள் அவளுடைய சிரிப்பைத் தேடிப் பிடிப்பேன். கேட்டால் மூச்சு வரும்.

ஒரு பெரிய அலை விழுந்தது. எல்லோரும் கூவினார்கள். அவள் சிரிப்பு இல்லை. இன்னொரு அலை. அதற்கும் இல்லை.

திரும்பினால் மற்ற வீட்டுப் பெண்கள் நிற்பார்கள். ஊர் என்ன சொல்லும்? அப்போது மாமியின் குரல் கிழிந்து வந்தது. "யா அல்லாஹ்! என்ட புள்ள!"

திரும்பிவிட்டேன். தண்ணீருக்கு மேலே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. நீலப்பூக் காற்சட்டை தலையணைபோல் ஊதிப்போயிருந்தது. கஞ்சி போட்ட துணிக்குள் காற்று அடைபட்டு, கட்டிய நாடா அதை வெளியே விடாமல், கால்களை மேலே தூக்கிவிட்டது. தலை கீழே போய்விட்டது.

எப்படி ஓடினேனென்று தெரியாது. மாற்றுடுப்பு மணலில் விழுந்தது. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. எனக்கு நீந்தத் தெரியாது. எட்டிப் பிடித்தது அவள் கால்களைத்தான். அவற்றைக் கீழே அமுக்கினேன். அமுக்க அமுக்கத் திரும்பவும் மேலே வந்தன.

"காலை விடுங்க மகன்! தலையத் தூக்குங்க, தலைய!" என்று மாமி கத்தினார்.

அந்தச் சொல் கேட்டிராவிட்டால் நான் கால்களோடேயே மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். கையைத் தண்ணீருக்குள் விட்டேன். தலைமயிர் அகப்பட்டது. இழுத்தேன். அவள் முகம் வெளியே வந்து, வாயைத் திறந்து, மூச்சு வராமல் என்னைப் பார்த்தது. பிறகு இருமினாள். அந்த இருமலைப்போல் இனிமையான சத்தம் நான் அதற்குமுன் கேட்டதில்லை.

கரையில் போட்டு நாடாவை அவிழ்க்கப் பார்த்தோம். நனைந்து இறுகிப்போயிருந்தது. மாமி குனிந்து, வெற்றிலைச் சிவப்புப் பற்களால் கடித்து, ஒன்றையும் மற்றதையும் அறுத்தார். காற்சட்டைக்குள்ளிருந்து தண்ணீரும் மணலும் கொட்டின. மாமி அழுதுகொண்டே தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஒட்டினா ஒட்டட்டும். கிளம்பினாக் கிளம்பட்டும். வா புள்ள, ஊட்டுக்குப் போவம்."

பெண்சாதி எழுந்து உட்கார்ந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. "இன்னும் முழுகி முடியல்ல உம்மா" என்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா?"

"பாதிக் குளிப்போட போனா பலாய் போகுமா?" மாமியிடம் பதில் கேட்காமல் என்னைப் பார்த்தாள். "நீங்க வாறீங்களா?"

வாய்க்கு வந்தது 'இல்லை' என்ற சொல்தான். அதுவரை கடலைப் பற்றி நான் சும்மா பயந்திருந்தேன். இப்போது அது என்ன செய்யும் என்று கண்ணால் கண்டுவிட்டேன். ஆனால் அவள் எழுந்துவிட்டாள். தனியாக விட்டால் தனியாகவே போவாள்.

மற்றப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். முழங்காலளவு தண்ணீரில் இருவரும் குந்தினோம். அவள் பிஸ்மி சொல்லித் தலையைத் தாழ்த்தினாள். அவள் தலை தண்ணீருக்குள் போகும்போதெல்லாம் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். வெளியே வந்த பிறகுதான் விட்டேன். பின்னேரம் மாமி அவளுக்குக் கஞ்சி கொடுக்கும்போதும் அந்த மணிக்கட்டில் என் விரல்கள் பதிந்த தடம் சிவப்பாகக் கிடந்தது. நோகுது, கையைக் கொஞ்சம் இளக்குங்கள் என்று கடலுக்குள் அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.