எங்கள் வீட்டுக்கு வந்த பிடி அரிசி

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ தவக்காலங்கள் போய்விட்டன. ஒவ்வொரு வருடமும் சாம்பல் புதன் பூசை முடிந்து, நெற்றிச் சாம்பலோடு வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுப்பேன். இரண்டு வரி எழுதுவேன். இது என் மகளுடைய விஷயமாயிற்றே என்று தோன்றும். மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். பிழை வருமே என்ற கூச்சமும் உண்டு. ஆனால் தடுத்தது அது இல்லை. மகள் மனசு நோகுமோ என்பதுதான்.

போன மாதம் அவளே போனில் சொன்னாள்: "எழுதும்மா. ஊருல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிக்கிட்டுத் திரியுறாங்க. நீ எழுதுனாத்தான் சரியா இருக்கும்."

அதனால் எழுதுகிறேன். பேர்களை மட்டும் விட்டுவிட்டேன். பேர் சொல்லாமல் இருப்பது மகள் படித்த பள்ளிக்கூடத்தில் நாங்கள் கற்றுக்கொண்ட வழக்கம். எல்லாம் நடந்ததும் அந்த வழக்கத்தால்தான்.

மகள் அப்போது ஒன்பதாவது. கொடைக்கானலில் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் படித்தாள்; அங்கேயே ஹாஸ்டல். நாங்கள் முதலில் பெருமாள்மலையில் வாடகை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் மரம் ஏறிப் பழம் பறிக்கிற வேலை செய்தவர். ஒரு மழை நாளில் பேரி மரத்தில் கால் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையாகிவிட்டார். வாடகை கொடுத்து இருக்க முடியவில்லை. பள்ளங்கியில் ஒருவருடைய தோட்டத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். காவலுக்கு ஆள் தங்குகிற தகரக் கூரை வீட்டை எங்களுக்கு விட்டார்கள். ராத்திரியில் காட்டுமாடு வந்து கேரட்டைத் தின்னாமல் தகரத்தைத் தட்டி விரட்ட வேண்டும். அதுவும் என் சோலிதான். "காட்டுமாட்டுக்கே உன்னையக் கண்டா பயம். நான் எம்மாத்திரம்?" என்று படுத்துக்கொண்டே கேலி பேசுவார்.

பள்ளிக்கூடத்தில் மகள் இதையெல்லாம் சொல்லவில்லை. "எங்கப்பா பள்ளங்கியில தோட்டம் பாத்துக்கிறார்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஜன்னல் வழியாக அவர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்தால் பிடி அரிசி வழக்கம் உண்டு. வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். பிள்ளைகள் அதைக் கொண்டுபோய், வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை செபம் முடிந்ததும் கோயில் வாசலில் இருக்கிற டிரம்மில் கொட்டுவார்கள். இந்துப் பிள்ளைகளும் கொண்டுவருவார்கள், பஜாரில் கடை வைத்திருக்கிற பாய் வீட்டுப் பிள்ளைகளும் கொண்டுவருவார்கள். எங்களுக்கே அளந்து பொங்குகிற நிலைமை. ஆனாலும் நான் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடி எடுத்து வைத்தேன். மகள் வீட்டுக்கு வந்து திரும்பும்போது அதை எடுத்துப் போவாள்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வருகிற குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள், சேவைக் குழுப் பிள்ளைகள் அந்த அரிசியை நோயாளிகள் இருக்கிற வீடுகளுக்குச் சுமந்து போவார்கள். எந்த வீடு என்று, கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் வந்து சிஸ்டரிடம் சொல்லுவார். பேர் சொல்லமாட்டார். வாங்குகிறவர்களுக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது, பிள்ளைகளும் பின்னால் அதைப் பேசக் கூடாது என்பதற்காக வழி மட்டும்தான், அதுவும் சிஸ்டரிடம் மட்டும்தான் சொல்லுவார்; பிள்ளைகள் சிஸ்டர் பின்னால் போவார்கள். அந்த வருடமும் அப்படித்தான்: "பள்ளங்கியில ஓடையைத் தாண்டுனா ஒரு தகரக் கூரை வீடு. ஆம்பளை படுக்கையில கெடக்காரு." சிஸ்டர் அந்த வருடம்தான் புதிதாக வந்தவர். பள்ளிக்கூடத்தில் எங்கள் விலாசம் பெருமாள்மலை என்றே இருந்தது. யாரைக் குற்றம் சொல்ல முடியும்?

அன்றைக்குக் காலையில் வாசலில் உட்கார்ந்து பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். ஓடைப் பக்கம் பாட்டுச் சத்தம் கேட்டது. பனி மஞ்சுக்குள் இருந்து யூனிபாரம் போட்ட பிள்ளைகள் வரிசையாக ஏறி வந்தார்கள், முன்னால் சிஸ்டர். நடுவில் அரிசிப் பையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு பிள்ளை. மூச்சு வாங்க, தலையைக் குனிந்தபடி.

அது என் மகள்.

பக்கத்தில் வந்த ஒரு வாயாடிப் பிள்ளை அவளைச் சீண்டிக்கொண்டே வந்தது. "ஏய், உங்கப்பா தோட்டம் இங்கதான்டி எங்கயோ இருக்கு? எங்கன்னு காட்டு. ஆளுக்கு ஒரு கேரட்டு புடுங்கிக்கிறோம்."

மகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. 'அம்மா' என்று வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. நான் எழுந்து சேலையை உதறிவிட்டு, "தோத்திரம் சிஸ்டர். வாங்க. வாங்க பிள்ளைகளா, எந்தூருப் பிள்ளைகளோ, குளிருல நடந்தா வந்தீங்க?" என்று பொதுவாகக் கேட்டேன்.

வீடு சின்னது. சிஸ்டர் மட்டும் உள்ளே போய்க் கட்டில் பக்கம் நின்றார். பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். அரிசியைச் சுமந்து வருகிற பிள்ளைதான் செபத்தைத் தொடங்க வேண்டும் என்பது அவர்கள் முறை. "ம், ஆரம்பிம்மா" என்றார் சிஸ்டர் உள்ளேயிருந்து.

என் மகள் பையை இறக்கி வைத்துவிட்டுக் கைகூப்பினாள். "இந்த வீட்டில் நோயுற்றிருக்கிற சகோதரருக்காக மன்றாடுவோம்" என்றாள். பெற்ற தகப்பனைச் சகோதரர் என்று சொல்லி மன்றாடினாள். குரல் உடையவில்லை.

குரலைக் கேட்டதும் கட்டிலில் இருந்தவர் கூப்பிட்டுவிட்டார். "பாப்பா? வந்துட்டியா? வெரசா ஒரு டம்ளர் தண்ணி கொண்டாத்தா."

எல்லாப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். என் மகள் அசையவில்லை. நான் உள்ளே ஓடினேன். "பொம்பளைப் பிள்ளைக குரல் கேட்டாலே இவருக்குப் பாப்பாதான் சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தார்.

"ஆமா சிஸ்டர்" என்றார். "எல்லாப் பிள்ளைகளும் எனக்குப் பாப்பாதான்."

"தண்ணி கொடுக்கச் சொல்லவாங்க?" என்று சிஸ்டர் கேட்டார்.

"வேணாம் சிஸ்டர். தாகம் போயிருச்சு."

அவர்கள் பாடிக்கொண்டே இறங்கிப் போனார்கள். மகள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் தண்ணீர் கொண்டுபோனேன். குடிக்கவில்லை.

பெரிய வியாழனுக்கு முன்னால் ஹாஸ்டலை அடைத்தார்கள். மகள் பையோடு வீட்டுக்கு வந்தாள். சோறு வைத்தேன்.

"இது அந்த அரிசியாம்மா?"

"ஆமாத்தா."

"எனக்குப் பசிக்கலை."

அவித்த உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டுப் படுத்தாள். மறுநாள் வெள்ளனே எழுந்து, "நான் இனிமே பள்ளிக்கூடம் போகலம்மா. பரிச்சையும் எழுதலை. உங்கூட கேரட்டு கழுவ வாரேன்" என்றாள்.

கட்டிலில் இருந்து அவர், "கேரட்டு கழுவுற எடத்துல ஒம்பதாவது பாஸான ஆளைத்தான் கேக்குறாங்களாம்" என்றார். அவள் சிரிக்கவில்லை. எப்போதும் அவர் பேச்சுக்கு முதலில் சிரிக்கிறவள் அவள்தான்.

நாங்கள் பட்ட பாடெல்லாம் இந்தப் பிள்ளை படிக்க வேண்டும் என்பதற்காகத்தான். நம்முடைய இல்லாமை பிள்ளைகள் முன்னால் தெரிந்துவிடும் என்று வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். என் நினைப்பு தப்பு என்று பெரிய வெள்ளியன்றுதான் தெரிந்தது.

அன்றைக்கு ஜீப் பிடித்து இருவரும் கோயிலுக்குப் போனோம். ஆண்டவருடைய பாடுகளின் வாசகம் படித்தார்கள். ஆண்டவரோடு கூடவே இருந்த சீடர், நெருப்பு ஓரம் குளிர் காய்ந்துகொண்டு, அவரை எனக்குத் தெரியாது என்று சொல்லி மறுக்கிற இடம் வந்தது. என் முந்தானை இறுகியது. பார்த்தால், மகள் அதை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறாள்.

வெளியே வந்ததும் மஞ்சு இறங்கியிருந்தது. ஆள் இல்லாத பக்கம் கூட்டிப் போனேன். "ஏத்தா, அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிஞ்சா என்ன ஆயிரும்? இல்லாதவங்க உலகத்துல இல்லையா?"

"அதுக்கு அழுகலம்மா. அப்பா தண்ணி கேட்டாரு. நான் யாரோ மாதிரி நின்னேன்."

"நானுந்தான் யாரோ மாதிரி நின்னேன்."

"நீ எனக்காக நின்ன. நான் எனக்காக நின்னேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு இனிமே செபம் சொல்லப் போறேன்?"

படித்தவர்களாக இருந்தால் ஏதாவது எடுத்துச் சொல்லியிருப்பார்கள். நான் அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றேன். ஜீப் ஹாரன் அடித்தது, போனோம். வீட்டில் அவள் அப்பா காலடியில் உட்கார்ந்து தைலம் தேய்த்தாள்.

ஈஸ்டர் அன்று காலைப் பூசையில் வாசித்தது, ஆண்டவருடைய கல்லறை வெறுமையாகக் கிடக்கிறது என்று கேட்டதும் சீடர்கள் ஓடுகிற பகுதி. வருடா வருடம் கேட்கிறதுதான். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தெரியாது என்று மறுத்தாரே, அதே ஆள்தான் ஓடுகிறார். அவரை யாரும் நீ வராதே என்று தடுக்கவில்லை. முதலில் உள்ளே போய்ப் பார்க்கிறவரும் அவரேதான். நான் மெதுவாக மகளுடைய முழங்கையைத் தட்டினேன். "கேட்டேன்மா" என்றாள். அவ்வளவுதான் பேசினோம்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பிடி அரிசிப் பையை அவிழ்த்து, ஒரு பிடி எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டாள்.

"தவக்காலம் முடிஞ்சுருச்சேத்தா" என்றேன்.

"இருக்கட்டும். இதைக் கையில வச்சுக்கிட்டாத்தான் எனக்குப் பேச்சு வரும்."

திங்கட்கிழமை புத்தகப் பையோடு ஜீப் ஏறினாள். நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே களை வெட்டினேன். சாயங்காலம் திரும்பி வந்துவிடுவாளோ என்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

அங்கே நடந்ததைச் சிஸ்டர் பின்னால் என்னிடம் சொன்னார். சேவைக் குழு கூடியபோது இவள் பாட்டிலை மேசையில் வைத்திருக்கிறாள். "அன்னைக்கு நாம போனது எங்க வீடு. தண்ணி கேட்டது எங்க அப்பா" என்று சொல்லிவிட்டு நின்றிருக்கிறாள். சிஸ்டர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாராம். எல்லாரையும்விடச் சத்தமாக அழுதது அந்த வாயாடிப் பிள்ளைதானாம். அழுது முடித்ததும், "அப்ப கேரட்டு எங்கடி?" என்று கேட்டதாம்.

அந்தச் சனிக்கிழமை மறுபடியும் பாட்டுச் சத்தம் கேட்டது. அதே பிள்ளைகள், அதே சிஸ்டர். இந்தத் தடவை என் மகள்தான் முன்னால் வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. வாசலில் நின்று, "வாங்க, இதுதான் எங்க வீடு. இவங்க எங்கம்மா" என்றாள். சிஸ்டர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "நீங்க பேரு கேக்கலையே சிஸ்டர்" என்றேன். இருவருக்கும் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

மகள் நேரே உள்ளே போனாள். குடத்தடியில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் மொண்டு, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க அவள் அப்பாவிடம் நீட்டினாள். பாதி போர்வையில் சிந்தியது.

அவர் வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்குக் கேட்ட தண்ணி இன்னைக்குத்தான் வருதாக்கும்?" என்றார்.

அவள் சிரித்தாள். அவர் கட்டிலில் தலையை வைத்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக நெடுநேரம் கிடந்தாள்.

அன்றைக்கு மீதியிருந்த பிடி அரிசியில் எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சினேன். நூறு வீட்டு அரிசி அது. பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்து கிடக்கும். சோறாக வடித்தால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. கஞ்சிக்குத்தான் சரிப்படும். பூண்டு தட்டிப் போட்டேன். வாயாடிப் பிள்ளை இரண்டு தரம் வாங்கிக் குடித்தது. கேரட்டும் பிடுங்கிக்கொண்டது.

அடுத்த வருடத்திலிருந்து, அரிசி வாங்குகிற வீட்டார் அதில் ஒரு பிடியை எடுத்து அடுத்த வீட்டுப் பையில் போடுவது என்று பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறார்கள். முதல் பிடி எங்கள் வீட்டில் இருந்து போனது.

இதைத்தான் ஊரில் பல விதமாகச் சொல்லுகிறார்கள். பிள்ளைக்குத் தாழ்ச்சி கற்றுக்கொடுக்கச் சிஸ்டர் வேண்டுமென்றே கூட்டி வந்தார் என்று ஒரு பேச்சு. தண்ணீரைக் குடித்ததும் என் வீட்டுக்காரர் எழுந்து நடந்துவிட்டார் என்று இன்னொரு பேச்சு. சிஸ்டருக்கு அது எங்கள் வீடு என்று தெரியாது. என் வீட்டுக்காரர் எழுந்து நடக்கவும் இல்லை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வைத்தியத்தில்தான் மெல்லக் கம்பு ஊன்றினார். இப்போதும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார்.

ஆகவே படிக்கிறவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். யாருக்காவது ஆறுதலாக இருக்கும் என்று தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என் மகளை நல்லவளாக்கவோ சிஸ்டரைப் பொல்லாதவராக்கவோ வேண்டாம். எங்கள் பேரையும் தேட வேண்டாம். அப்பா கேட்ட தண்ணீரை மகள் கொஞ்சம் தாமதமாகக் கொண்டுவந்து கொடுத்தாள். நடந்தது அவ்வளவுதான். அப்படியே சொல்லுங்கள்.