நனையாத கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், கைவினைச் சந்தைக்குள், ஒரு கூட்டமே பார்த்துக்கொண்டிருக்கும்போது என் சித்திக்கு நடந்தது. வெவ்வேறு நாட்களில் அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். எங்காவது ஒரு சொல்லாவது மாறுகிறதா என்று பார்த்தேன். மாறவில்லை. ஒரே ஓர் இடம் வரும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டாள்.

சித்தி பிரம்புக் கூடை விற்பவள். கூடையின் அடியும் சுவரும் அவள் பின்னுவதுதான். அதில் பொய் இல்லை. ஆனால் வாங்க வருபவர்கள் முதலில் விரலை ஓட்டிப் பார்ப்பது விளிம்பை. சுவருக்கு மேலே நீட்டி நிற்கும் பிரம்புக் கம்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வளைத்து, அடுத்ததற்குள் சொருகி, நுனி தெரியாமல் முடிக்க வேண்டும். அது சித்திக்கு வராது. அதைக் கட்டியவள் வேறொருத்தி. இடது கைப் பழக்கம் என்பதால் சந்தையில் அவளுக்குப் பெயரே நொட்டாங்கை. அவள் கட்டும் விளிம்பு எல்லோருடையதற்கும் எதிர்ப்பக்கமாகச் சாயும். அந்தச் சாய்வுக்காகவே சித்தியின் கடையைத் தேடி வந்தார்கள்.

கடையின் பின்பக்கம் ஒரு துணித் திரை. அதற்குப் பின்னால் ஒரு முக்காலி, பிரம்பு ஊறவைக்கும் ஒரு தொட்டி. நொட்டாங்கை அங்கே உட்கார்ந்துதான் கட்டுவாள். முன்னால் நின்று சித்தி சொல்வாள்: "எல்லாம் என் கைவேலைங்க."

பக்கத்துக் கடை பொம்மைக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன்க்கா, விளிம்பு கட்டற நேரத்துல மட்டும் திரை விழுதே, உள்ள சாமியா குடியிருக்கு?"

"உன் பொம்மைக்கு முதல்ல மூக்கை ஒட்டு. அப்புறம் என் திரையைப் பார்க்கலாம்."

திரைக்குப் பின்னாலிருந்து சின்னதாக ஒரு இருமல் வரும். அது நொட்டாங்கையின் சிரிப்பு.

பழைய சந்தையை இடிக்கப் போகிறார்கள் என்று சேதி வந்தது. புதுக் கட்டடத்தில் தன் கையால் செய்கிறவர்களுக்கு மட்டும்தான் கடை. ஒவ்வொருவரும் அதிகாரிகள் முன் உட்கார்ந்து ஒரு பொருளை முடித்துக் காட்ட வேண்டும். கடை போனால் சித்தியின் பிழைப்பே போயிற்று.

அதிகாரிகள் வருவதற்கு முந்தைய நாள் மாலை, சித்தி நொட்டாங்கையிடம் சொன்னாள்.

"நாளைக்கு நீ வராதே."

"விளிம்புக்கு என்ன பண்ணுவீங்கக்கா? உங்களுக்கு நாலாவது கம்புலயே தட்டுமே."

"அது என் பாடு. யாராவது உன்னைப் பார்த்தா என் மானம் போயிடும்."

நொட்டாங்கை ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"சரிக்கா. யார் கண்ணுலயும் படமாட்டேன்."

மறுநாள் பதற்றத்தில் சித்தி பிரம்பை ஊறப்போட மறந்துவிட்டாள். பாதி வழியில்தான் நினைவு வந்தது. காய்ந்த பிரம்பு வளையாது, ஒடியும். ஓட்டமும் நடையுமாக வந்து திரையைத் தள்ளிப் பார்த்தாள்.

தொட்டி நிறையத் தண்ணீர். பிரம்பு பக்குவமாக ஊறிக் கிடந்தது.

"நீயா தண்ணி ரொப்புனே?" என்று பக்கத்துக் கடையைப் பார்த்துக் கேட்டாள்.

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றார் பொம்மைக்காரர்.

மதியம் மூன்று மணிக்கு அதிகாரிகள் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் முன்னால் நின்றாள். சுற்றிலும் கடைக்காரர்கள், வேடிக்கை பார்ப்பவர்கள். சித்தி சுவர் முடிந்த கூடையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். தொட்டியைத் திரைக்கு வெளியே இழுத்துப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

அப்போது திரைக்குப் பின்னால் முக்காலி கிறீச்சிட்டது... நொட்டாங்கை உட்காரும்போது எழும் அதே சத்தம்.

வரவேண்டாம் என்று சொல்லியும் வந்துவிட்டாளே! சித்திக்கு முதலில் வந்தது கோபம்தான். பிரம்பு எடுப்பதுபோலத் திரும்பி, திரையை ஓரமாக விலக்கினாள்.

யாரும் இல்லை.

முக்காலி மட்டும் ஈரமாக இருந்தது.

"ஆரம்பிங்கம்மா" என்றாள் அதிகாரி.

முதல் கம்பு வளைந்தது. இரண்டாவது. மூன்றாவது. நாலாவதில் தட்டியது. சித்தி மறுபடி முயன்றாள். நுனி வெளியே துருத்தியது. பொம்மைக்காரர் தொண்டையைச் செருமினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

தொட்டித் தண்ணீர் அசைந்தது.

சித்தி தொடவில்லை. யாரும் தொடவில்லை. உள்ளே ஒரு கை துழாவுவதுபோல் தண்ணீர் சுழன்றது... சளக்... சளக்...

பிறகு அவளுடைய இடது கை எழுந்தது.

சித்தி அதை எழுப்பவில்லை.

அவள் விரல்களுக்கு அடியில் வேறு விரல்கள். சில்லென்று. எலும்பு தெரியும் விரல்கள். கட்டைவிரல் ஓரத்தில் காய்ப்பு. அந்தக் காய்ப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

நாலாவது கம்பு பழைய வளைவிலிருந்து விடுபட்டது. எதிர்ப்பக்கம் சாய்ந்தது. சொருகிக்கொண்டது.

ஐந்தாவது...

கை நிற்கவில்லை. காதோரம் ஒரு மூச்சு. ஊறிய பிரம்பின் வாசனை.

பிறகு, மிக அருகில், ஒரு சின்ன இருமல்.

கத்த வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை.

விளிம்பு முடிந்தது.

கை தட்டினார்கள். அதிகாரி விரலை விளிம்பில் ஓட்டிப் பார்த்தாள். "இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததில்லை. நீங்க இடது கைக்காரங்களா?"

சித்தி தலை குனிவது இந்த இடத்தில்தான்.

சொல்லியிருக்கலாம். இது என் கை இல்லை, இன்னொருத்தியின் கை என்று ஒரு வார்த்தை போதும். அந்த நிலையிலும் அவளுக்குக் கடைதான் கண்ணில் நின்றது.

"ஆமாங்க" என்றாள். "எல்லாம் என் கைவேலை."

திரைக்குப் பின்னால் முக்காலி கிறீச்சிட்டது.

எழுந்து போகிற சத்தம்.

கூட்டம் கலைந்தது. பொம்மைக்காரர் மட்டும் நின்றார். முகத்தில் கேலி இல்லை.

"அக்கா... தண்ணி சொட்டச் சொட்டக் கட்டினீங்க. கூடையே நனைஞ்சிருக்கு. உங்க கை ஏன் நனையலை?"

சித்தி கூடையை அப்படியே போட்டுவிட்டு நொட்டாங்கையின் வீட்டுக்கு ஓடினாள்.

வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. உள்ளே நொட்டாங்கையைப் படுக்கவைத்திருந்தார்கள். கழுத்துவரை போர்வை.

அவளுடைய தங்கை சித்தியைப் பார்த்ததும் அழுதாள். "விடிஞ்சதும் கிளம்பினா. செருப்பு மாட்டக் குனிஞ்சவ எழுந்திரிக்கவே இல்லை."

"எங்க கிளம்பினா?"

"உங்க கடைக்குத்தான். இன்னிக்கு ஒருநாள் வீட்ல இரேன்னு சொன்னேன். கேக்கலை. 'அக்காவே கட்டாயம் வரச் சொல்லியிருக்காங்க, நான் இல்லாம அவங்களுக்கு ஆகாது'ன்னு பெருமையாச் சொன்னா."

சித்தி போர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு மட்டும் புரியலைக்கா." தங்கை குரலைத் தாழ்த்தினாள். "விடியற்காலையில போன உயிரு. இதுவரைக்கும் யாரும் ஒரு சொட்டுத் தண்ணி அவ மேல ஊத்தலை. மூணு மணிக்கு மேலதான் பார்த்தேன்..."

போர்வையை விலக்கி நொட்டாங்கையின் இடது கையைக் காட்டினாள்.

வெகுநேரம் தண்ணீரில் கிடந்ததுபோல் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. நகத்துக்கடியில் பிரம்பு நார். பச்சையாக, ஈரமாக.

மணிக்கட்டிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

சித்தி தன் கைகளைப் பார்த்தாள்.

காய்ந்திருந்தன.

யாரும் பார்ப்பதற்குள் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.