எதிர்க்கூட்டத்தில் எட்மண்ட் சார்

சேலையூரில் எட்மண்ட் சாரைப் போல ஒரு நல்ல மனிதரைக் காட்டுங்கள் பார்ப்போம். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆபீஸ், சர்ச், கால்பந்து, அவ்வளவுதான் அவர் உலகம். இதில் எது முதலில் என்று அவர் மனைவி ஞானஜோதியைக் கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவருக்கு ஊர் கூடி ராசியில்லாதவர் என்று பட்டம் கட்டியது. அநியாயம்!

ஆனால் என்ன செய்ய, நடந்ததெல்லாம் அப்படி. அவர் மைதானத்துக்குப் போனால் நம் ஊர் கேம்ப் ரோடு டீம் தோற்கும். அவருக்கு அம்மை போட்டிருந்தபோது ஜெயித்தது. மச்சினன் கல்யாணத்துக்கு நாசரேத் போயிருந்தபோது ஜெயித்தது. முதல் டிவிஷனுக்கு ஏறிய கடைசி ஆட்டத்தன்றுகூட ரயில் நடுவழியில் நின்றுபோய், மனிதர் மீனம்பாக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

எழுபத்தொன்றாம் வருஷத்து சீசன் தொடங்கியது. பந்து உதைப்பதற்காகவே வேலை கொடுத்து, சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கும் பெரிய டீம்களோடு இனி நம் பையன்கள் மோத வேண்டும். முதல் ஆட்டமே ஒரு பேங்க் டீமோடு. அதற்கு முந்தின நாள் சௌகத் அலி வீட்டுக்கு வந்தான். கேம்ப் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். நம் ரசிகர் கூட்டத்துக்குத் தலைவன்.

"சார், ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சுக்கக் கூடாது."

"சொல்லுப்பா."

"நாளைக்கு நீங்க வரவேணாம் சார். எல்லாருமா சேந்துதான் என்னை அனுப்பிக்கிறாங்கோ. மொத மேட்சு சார். இதுல வுட்டா அப்பறம் ஒரே பேஜாரு."

எட்மண்ட் சார் இந்த ஒரு நாளுக்காகத்தானே இத்தனை வருஷம் மழையிலும் வெயிலிலும் நின்று தோல்வி தோல்வியாகப் பார்த்தார்! ஆனாலும், "டீம்தான் முக்கியம். உங்களோட வந்து உக்கார மாட்டேன், போ" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் சோறு இறங்கவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து ஞானஜோதியின் உயிரை வாங்கினார்.

"ஐயோ, போய்த்தான் தொலைங்களேன்!" என்றாள் அவள்.

"வாக்குக் கொடுத்துட்டேனே, ஜோதி."

"அவங்களோட உக்கார மாட்டேன்னுதானே சொன்னீங்க? அந்தப் பேங்க்காரங்களோட போய் உக்காருங்க. யாரு வேணாங்கிறா?"

ஆண்டவரே, இப்படி ஒரு மூளையை இவள் இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள்! சார் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்.

பேங்க் ரசிகர்கள் அவரை அன்பாக நகர்ந்து உட்கார வைத்தார்கள். வேர்க்கடலை கொடுத்தார்கள். எதிர்ப்பக்கத்தில் சௌகத் அலியும் கூட்டமும் தொண்டை கிழியக் கத்துவது தெரிந்தது. இவர் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடிகிற நேரத்தில் நம் லாசரஸ் கோல் போட்டான். ஒரே கோல்! பேங்க்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். எட்மண்ட் சாரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பக்கத்தில் இருந்தவர் அவர் முதுகைத் தடவி, "விடுங்க சார், எங்களைவிட நீங்க ரொம்ப ஒடைஞ்சு போயிட்டீங்களே" என்று தேற்றினார்.

கிடைத்த முதல் ரயிலைப் பிடித்து வீடு வந்து, கைலி மாற்றி, ஒன்றும் தெரியாதவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் தெருவே அதிர்ந்தது. சௌகத் அலி மாலையோடு வந்து நின்றான்.

"சார், நீங்க வராததாலதான் ஜெயிச்சோம்! லாசரஸுக்கு வாங்கின மாலை, உங்களுக்குத்தான் போடணும்னு அவனே குடுத்துட்டான்."

மாலை விழுந்தது. சார் தலையைக் குனிந்துகொண்டார். அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். போஸ்ட் ஆபீஸ் வேதாசலம் விட்டால்தானே? கோல் விழுந்த கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"கார்னர்லேர்ந்து பந்து வருது சார். லாசரஸ் எகிறித் தலையால முட்டினான் பாருங்க..."

சார் பல்லைக் கடித்தார்.

"அப்படியே கோல்கீப்பர் தலைக்கு மேல போய் வலையில..."

"யோவ் வேதாசலம்!" எட்மண்ட் சார் எழுந்தே விட்டார். "தலையாவது, மண்ணாவது! அவன் வழுக்கி விழுந்தான்யா. பந்து முழங்கால்ல பட்டு கோல்கீப்பரோட காலுக்கு நடுவுல உருண்டு போச்சு. என் கண்ணு முன்னாலதானே..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். கூட்டம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது. ஞானஜோதி மட்டும் உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எங்க சார் உக்காந்திருந்தீங்க?" என்றான் சௌகத் அலி.

"பேங்க்காரங்களோட."

சௌகத் அலி யோசித்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்போ சாரோட ராசி சரியாத்தாம்பா வேல செய்யுது. யாரு பக்கம் உக்கார்றாரோ அவுங்க அவுட்டு! சார், இனிமே நீங்க ஒரு மேட்சுகூட வுடக்கூடாது. டிக்கெட் நம்ப செலவு. ஆனா எப்பவும் அந்தப் பக்கம்தான்."

அதே வாரம் இரண்டாவது ஆட்டம். சார் எதிர்க்கூட்டத்தின் நடுவில், வாயில் கைக்குட்டையோடு இருந்தார். சொந்த ஜனத்தோடு சேர்ந்து ஒரு தடவை வாய்விட்டுக் கத்த வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அது மட்டும் நடக்காது போல என்று நினைத்தபோது லாசரஸ் கோல் போட்டான், இந்தத் தடவை நிஜமாகவே தலையால். எதிர்ப்பக்கம் நம் கூட்டம் முழுக்க எழுந்தது. ஒருவர்கூட லாசரஸைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் மைதானத்துக்கு இந்தப் பக்கம் திரும்பி, கைக்குட்டையை வீசிக்கொண்டு, "எட்மண்ட் சார்!" என்று கத்தினார்கள்.

சார் தன் வாயிலிருந்த கைக்குட்டையை எடுத்து, அத்தனை எதிரிகளுக்கும் நடுவில் எழுந்து நின்று வீசினார்.