சனிக்கிழமை மூப்பர்

நிவேதனா கதை கட்டுகிறவள் அல்ல. இது போன வருடம், யாழ்ப்பாண நகரில், பட்டப்பகலில் அவளுக்கு நடந்தது. எந்தச் சபை என்று மட்டும் கேட்காதீர்கள்.

அம்மாவுக்குத் திங்கட்கிழமை இருதய ஒப்பரேசன். அதற்கு முன் திருவிருந்து எடுத்துவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து கேட்டபடியே இருந்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பமும் திராட்சை இரசமும் கொண்டுவருவதாகப் போதகர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை, சபை மூப்பர் கிறிஸ்ரோபர் போன் எடுத்தார்.

"பிள்ளை, நாளைத் திருவிருந்துக்குக் கிண்ணம் அடுக்க ஆளில்லை. இண்டைக்குப் பின்னேரம் வாறியே?"

அவர்கள் கோப்பாயிலிருந்து வந்து சபையில் புதிதாகச் சேர்ந்த குடும்பம். அதுவரை ஒருவரும் அவர்களிடம் ஒரு வேலையும் சொன்னதில்லை. சந்தோசமாகப் போனாள்.

பின்னேரம் மூன்றரை மணி. தேவாலயத்துக்குள் அவள் மட்டும். சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களைத் துடைத்து, தட்டின் குழிகளில் வைத்தாள். நடுக் கிண்ணம் அம்மாவுக்கு என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

திரும்பிப் பார்த்தாள். நடுக்குழி வெறுமை.

இன்னொன்று வைத்தாள். குனிந்து நிமிர்வதற்குள்... அதுவும் இல்லை.

முன்வரிசை வாங்குப் பலகையில் ஒரு கிழவர். வேட்டி, கறுப்புக் கோட்டு. கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை.

"ஆற்றை பிள்ளை?"

அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

"அதில்லை. என்ன ஆக்கள்?"

சாதியைக் கேட்கிறார். சொன்னாள்.

அவர் மடியை அவிழ்த்தார். ஈய வில்லைகள். வாங்கில் ஒவ்வொன்றாக வைத்தார். டக்... டக்... டக்... கடைசி வில்லையை மட்டும் திரும்பவும் மடியில் முடிந்தார்.

"உங்கடை ஆக்களுக்கு மேசையிலை இடமில்லை. கொம்மாவுக்குச் சொல்லு."

"ஐயா... அவ சாகக் கிடக்கிறா..."

"ஓம். தெரியும்."

சிரித்தார்.

பல் இல்லை.

நாக்கும் இல்லை...

மறுநாள் போதகர் வார்ட்டுக்கு வந்தார். அம்மா ஆசையோடு வாயைத் திறந்தாள். அப்பம் உதட்டைத் தொட முதல் உயிர் போய்விட்டது. திறந்த வாயை மூட முடியவில்லை. அப்படியே அடக்கம் செய்தார்கள்.

ஒரு கிழமை கழித்து நிவேதனா கிறிஸ்ரோபரிடம் போனாள். அவள் முழுவதும் சொல்லி முடிக்கவில்லை.

"கறுப்புக் கோட்டோ?" என்றார் அவர். "சபையின்ரை முதல் மூப்பர். அந்தக் காலத்திலை திருவிருந்துக்கு முதல்நாள் வந்து, தான் தகுதி எண்டு நினைக்கிற ஆக்களுக்கு ஈய வில்லை குடுப்பார். வில்லை இல்லாட்டி அப்பம் இல்லை. இப்பவும் வாறவர். கிண்ணம் அடுக்க வாற ஆளின்ரை வீட்டிலை ஒருத்தரை மறிக்காமல் போகமாட்டார்."

"தெரிஞ்சுகொண்டே என்னைக் கூப்பிட்டனீங்கள், அங்கிள்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆரையாவது அனுப்பத்தானே வேணும். எங்கடை பிள்ளையளை அனுப்பேலுமே?"