அத்தை சொல்ல மறுத்த பேர்

போன ஞாயிறு அம்மையார்குப்பத்தில் ஒரு பேர் வைக்கிற விசேஷம். நெசவுக்கார நண்பர் ஒருவரின் முதல் பெண் குழந்தைக்கு. போனால், வாசலிலேயே சண்டை கேட்கிறது.

அந்த வீட்டு வழக்கப்படி குழந்தையின் காதில் பேரைச் சொல்ல வேண்டியவர் அத்தை, அதாவது நண்பரின் அக்கா. அவர்தான் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆடிக் கிருத்திகையில பொறந்த பொண்ணு. மலைமேல முருகன் பாத்துகினு கீறாரு. கிருத்திகான்னு வெய்யின்னா... பர்வீனாம். நம்ம வாயில நுழையுமா அது?"

"இப்ப நுழைஞ்சுதே வதினா" என்றாள் குழந்தையின் தாய் சரோஜா. நாத்தனாரை அந்த வீட்டில் தெலுங்கில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

விஷயம் இதுதான். திருத்தணியில் காவடி பார்த்துவிட்டுத் திரும்பும்போது, கே.ஜி.கண்டிகை பக்கம் பஸ்ஸிலேயே சரோஜாவுக்கு வலி எடுத்துவிட்டது. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எழுந்தது யார்? திருவிழாவில் வளையல் விற்றுவிட்டு வந்த ஒரு முஸ்லிம் அம்மாள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, ரோட்டோர டீக்கடைக்குப் பின்னால் புடவையை மறைப்பாகக் கட்டி, பிரசவம் பார்த்து, ஜீப் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் ஊர் போய்ச் சேர்ந்தார். பேர் பர்வீன்.

"அந்தம்மா இல்லன்னா பேர் வெக்கப் புள்ளயும் இல்ல, நானும் இல்ல" என்றாள் சரோஜா.

நண்பர் என்னைப் பார்த்தார். வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்டு அலைகிறவன் நான் என்பது அவருக்குத் தெரியும். நல்லவேளை — இந்தப் பேர் தகராறு முன்பே காதுக்கு வந்திருந்ததால், தெரிந்த உருது வாத்தியார் ஒருவரிடம் கேட்டு வைத்திருந்தேன். சொன்னேன்.

பர்வீன் பாரசீகப் பேர். அந்த நாட்டுக்கு இஸ்லாம் போவதற்கு முன்பிருந்தே புழங்கிய சொல். வானத்தில் கொத்தாக மின்னும் சில நட்சத்திரங்களுக்கு அவர்கள் வைத்த பேர். அதே கொத்தைத்தான் நாம் கார்த்திகை என்கிறோம், கிருத்திகை என்கிறோம்.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானா? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன சரோஜா?" என்றார் அத்தை.

"எனக்கென்ன தெரியும்? நான் அந்தம்மா பேரத்தான் வெச்சேன்."

நான் சும்மா இருக்கலாம் அல்லவா? "அர்த்தம் ஏடாகூடமா இருந்திருந்தா என்னம்மா பண்ணியிருப்ப?" என்றேன்.

"அர்த்தத்த மாத்திக்கச் சொல்லுங்க. நான் பேர மாத்தறதா இல்ல."

அத்தை குனிந்தார். காதில் மூன்று தடவை சொன்னார். பர்வீன் கொட்டாவி விட்டாள்.

பாரசீகத்தில் பிறந்த பேர் இத்தனை காலம் அழியாமல் அம்மையார்குப்பம் வரை எப்படி வந்து சேர்ந்தது? பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்... வழி நெடுக சரோஜாக்கள் இருந்திருக்க வேண்டும்.