எதிர் பிளாக் பால்கனி

ஓரகத்தி ரெஜினா ஊருக்கு வெளியே சந்தாபுராவில் ஃப்ளாட் வாங்கிப் போன நாளிலிருந்து பிலோமினாவுக்குச் சோறு இறங்கவில்லை. குடும்பத்துக்குத் தனக்குப் பின்னால் வந்த மருமகள், சொந்த வீட்டுக்குத் தனக்கு முன்னால் போய்விட்டாளே. பால்கனி ஊஞ்சலில் உட்கார்ந்து காபி குடிப்பதைத் தினமும் ஸ்டேட்டஸில் வேறு போட்டாள்.

டவுனுக்குள் இருந்த விவேக் நகர் வாடகை வீட்டில் இனி ஒரு நிமிஷம் இருக்க முடியாது என்று பிலோமினா ஆரம்பித்தாள். கணவன் அருள்தாஸ் கெங்கேரியில் வீடு காட்டினான். பால்கனி சின்னது என்றாள். ஹொசகோட்டேயில் காட்டினான், ஊஞ்சல் மாட்டக் கொக்கி எங்கே என்றாள்.

"உனக்கு வீடு வேணுமா, ஊஞ்சல் வேணுமா?" என்று அவன் எரிந்து விழுந்தான்.

கடைசியில் ரெஜினாவின் அபார்ட்மெண்டிலேயே, எதிர் பிளாக்கில், அவளுக்கு ஒரு மாடி மேலே வீடு அமைந்தது. அப்புறம்தான் பிலோமினாவுக்குத் தூக்கமே வந்தது.

சாமான் இறக்கிய அன்று ரெஜினா ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்தாள்.

"இந்த டேங்கர் தண்ணியில முடியெல்லாம் கொட்டிப்போச்சுக்கா. பசங்களுக்கு ஸ்கூலும் ரொம்ப தூரம். ஃப்ளாட்ட வாடகைக்கு விட்டுட்டு டவுனுக்கே போறோம். நீங்க காலி பண்ண விவேக் நகர் வீடுதான், ஓனர்கிட்ட பேசியாச்சு. அந்தக் கிச்சன்ல காத்து நல்லா வருமில்லக்கா?"

அந்த அடுப்படியில் வெந்து சாகிறேன் என்று காலமெல்லாம் புலம்பிய பிலோமினாவுக்கு, அதன் ஜன்னல் வழியே ஜிலுஜிலுவென்று வந்த காற்று அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.